எக்ஸிட் எக்ஸாமுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, அடிப்படையை எங்கிருந்து திருப்பிப் படிப்பது?

கடைசி_செமஸ்டர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நர்சிங் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன், எக்ஸிட் எக்ஸாமுக்கு இன்னும் 6 வாரம். போன ஞாயிற்றுக்கிழமை நேரம் வைத்து ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். 150 கேள்வியில் 81தான் சரி. அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை.

படிக்காமல் இருந்து இந்த மதிப்பெண் வந்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். மெடிக்கல் சர்ஜிக்கல் நோட்ஸை மூன்று முறை முழுவதும் படித்தாயிற்று, மஞ்சள் பேனா படாத பக்கமே இல்லை. அறைத்தோழிகள் யாராவது திடீரென்று பொட்டாசியம் நார்மல் எவ்வளவு என்று கேட்டால் 3.5 முதல் 5.0 என்று உடனே சொல்லிவிடுவேன். அதுவே ஒரு நோயாளியின் கதையாகக் கேள்வித்தாளில் வரும்போது கை நின்றுவிடுகிறது. நான்கு விடையில் இரண்டைத் தள்ளிவிடுகிறேன், மீதி இரண்டும் சரி மாதிரியே தெரிகிறது, கடைசியில் நான் எடுப்பது பெரும்பாலும் தப்பு.

ஒன்று சொல்கிறேன். நான்கு நோயாளிகள், யாரை முதலில் பார்ப்பீர்கள் என்று கேள்வி. ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்து வலி 10க்கு 8. ஒருவர் டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்கிறார். ஒருவருக்கு சர்க்கரை 190. இன்னொருவருக்கு தைராய்டு அறுவை முடிந்து இரண்டாம் நாள், உதட்டைச் சுற்றி மதமதப்பாக இருக்கிறது என்கிறார். நான் வலியில் இருப்பவரை எடுத்தேன். விடை தைராய்டு நோயாளி. அந்த அறுவைக்குப் பிறகு கால்சியம் குறையலாம் என்று என் நோட்ஸில் என் கையெழுத்திலேயே இருக்கிறது, அந்த நேரத்தில் அது வரவே இல்லை.

இனி எப்படிப் படிப்பது? நான்காம் முறை நோட்ஸை எடுக்கவா, இல்லை வெறும் கேள்வி மட்டும் போடவா? லேப் வேல்யூ, மருந்து, ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) இந்த மூன்றும்தான் அதிகம் உதைக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை கேள்வி போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இரவு_ஷிப்ட் எழுதியது:

தங்கச்சி, நான்காம் முறை நோட்ஸை எடுக்காதே. அதில் இருப்பது உனக்குத் தெரியும். தெரிந்தது ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கிடக்கிறது, அதுதான் பிரச்சினை. மெடிக்கல் வார்டில் 9 வருடமாக இருக்கிறேன், இந்தத் தேர்வை எழுதும்போது நானும் இதே நிலையில்தான் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பொட்டாசியத்தையே எடுத்துக்கொள். 3.5 முதல் 5.0 என்று மட்டும் வைத்திருந்தால் அது ஒரு எண், அவ்வளவுதான். இப்போது அதை நடக்கவிடு. இதயச் செயலிழப்பு உள்ள ஒருவர் பிரூஸ்மைடு என்ற சிறுநீர் பெருக்கும் மருந்தை எடுக்கிறார், சிறுநீரோடு பொட்டாசியமும் போகிறது. அவரே டிகாக்ஸின் என்ற இதய மருந்தும் எடுக்கிறார். டிகாக்ஸினும் பொட்டாசியமும் இதயத் தசையில் ஒரே இடத்தைப் பிடிக்கப் போட்டி போடுபவை, பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸின் அதிகமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது, வழக்கமான டோஸிலேயே நச்சுத்தன்மை வரலாம். அப்போது நோயாளி வந்து சொல்வது என்ன? பசியில்லை, குமட்டுகிறது, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது. கேள்வியில் 'பொட்டாசியம்' என்ற சொல்லே இருக்காது. "சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது" என்று ஒரு முதியவர் சொல்வதாக மட்டும் இருக்கும். நீ மருந்துப் பட்டியலைப் பார்த்து, ஏப்பிக்கல் பல்ஸை (மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் துடிப்பை) முழு ஒரு நிமிடம் எண்ணி, பெரியவர்களுக்கு 60க்குக் கீழே என்றால் அந்த டோஸைக் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரி, பொட்டாசியம் குறைவு, நரம்பு வழியாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். அதை ஒருபோதும் நேராக சிரிஞ்சில் எடுத்து ஏற்றக் கூடாது, இதயம் நின்றுவிடும். கலந்து, பம்ப்பில், கை நரம்பு என்றால் பொதுவாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்டைத் தாண்டாமல். தொடங்கும் முன் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றால் நீ ஏற்றுவது வெளியே போக வழியில்லை.

மறுபக்கம் போ. சிறுநீரகச் செயலிழப்பு, பொட்டாசியம் 6.8, இசிஜியில் டி அலை கூர்மையாக உயர்ந்திருக்கிறது. கால்சியம் குளுக்கோனேட் கொடுப்பது இதயத்தைக் காப்பாற்ற. அது பொட்டாசியத்தைக் குறைக்காது. இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுகின்றன, உடம்பை விட்டு வெளியேற்றுவதில்லை. வெளியேற்ற டயாலிசிஸ் மாதிரி வேறு வழி வேண்டும். இந்த வித்தியாசத்தை வைத்தே எத்தனையோ கேள்வி வருகிறது.

இன்சுலின் என்றதும் டிகேஏ (நீரிழிவில் இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகும் நிலை) நினைவுக்கு வர வேண்டும். அங்கே முதலில் திரவம், அப்புறம் ரெகுலர் இன்சுலின் டிரிப். இன்சுலின் போனதும் பொட்டாசியம் செல்லுக்குள் ஓடுகிறது, ஆரம்பத்தில் ரிப்போர்ட்டில் நார்மலாகவோ அதிகமாகவோ தெரிந்த பொட்டாசியம் சில மணி நேரத்தில் சரிந்துவிடும். அதனால்தான் அந்த நோயாளிக்கு மானிட்டர் போட்டிருக்கிறோம், அதனால்தான் பொட்டாசியம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் அதை ஏற்றாமல் இன்சுலினைத் தொடங்குவதில்லை.

பார், ஒரே ஒரு தாதுவில் இதயம், சிறுநீரகம், நீரிழிவு, மருந்து, இசிஜி ஐந்தும் வந்துவிட்டது. நான் ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் 'பொட்டாசியம்' என்று எழுதி, புத்தகம் பார்க்காமல் இப்படி இழுத்துக்கொண்டே போவேன், எங்கே தடுக்கிறதோ அங்கே மட்டும் நோட்ஸைத் திறப்பேன். சோடியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான்.

உன் தைராய்டு நோயாளிக்கும் இதேதான். பாராதைராய்டு சுரப்பிகள் தைராய்டின் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பவை, அறுவையில் அவை அடிபட்டாலோ சேர்ந்து எடுபட்டாலோ கால்சியம் விழும். கால்சியம் விழுந்தால் நரம்பும் தசையும் தேவையில்லாமல் துடிக்கும்: முதலில் உதடு, விரல் நுனியில் மதமதப்பு, அப்புறம் கை இழுப்பு, அப்புறம் குரல்வளைத் தசை இறுகி மூச்சுப்பாதை அடைபடும். அந்த மதமதப்பு மூச்சுக்கு வரப்போகும் ஆபத்தின் முதல் அறிகுறி. இந்த வரிசை மனதில் ஓடியிருந்தால் வலியில் இருப்பவரை எடுத்திருக்க மாட்டாய். அந்த நோயாளியின் கட்டில் அருகே டிரக்கியாஸ்டமி செட் (கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி திறக்கும் கருவிகள்) ஏன் வைக்கிறோம் என்பதும் இதிலேயே இருக்கிறது.

பழைய_டியூட்டர் எழுதியது:

மேலே சொன்ன முறை மிக நல்ல முறை. நான் சில வருடங்கள் மாணவர்களுக்கு இந்தத் தேர்வுக்காக வகுப்பு எடுத்தவன், முன்னுரிமைக் கேள்விகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் நன்றாகப் படித்த பிள்ளைகளும் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்ற வரிசையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதை அப்படியே பிடித்துக்கொண்டு, 'மூச்சு' என்ற சொல் எந்த விடையில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பல வருடமாக சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள ஒருவருக்கு ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதம், அவருடைய வழக்கமே அதுதான். பக்கத்துக் கட்டிலில் வயிற்று அறுவை முடிந்து 3 மணி நேரம் ஆனவர், பல்ஸ் 88லிருந்து 124க்குப் போயிருக்கிறது, படபடப்பாக இருக்கிறார். இங்கே இரண்டாமவர்தான் முதலில், உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். நான் மாணவர்களைக் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: இந்த நோய்க்கு இது எதிர்பார்த்ததா, எதிர்பாராததா? எலும்பு முறிந்தவருக்கு வலி எதிர்பார்த்தது. ஆனால் அதே முறிந்த காலில் மருந்து கொடுத்தும் அடங்காத வலி, விரலை நீட்டிவிட்டாலே அலறுகிறார் என்றால் அது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் (தசைக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடுவது), உடனே பார்க்க வேண்டியது.

அடுத்து, 'முதலில் என்ன செய்வீர்கள்' வகை. நோயாளியை மதிப்பிடுவது முதலில், செயல் அப்புறம் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் மதிப்பீடு கேள்வியிலேயே முடிந்துவிட்டிருந்தால் மறுபடி மதிப்பிடுவது நேரத்தை வீணாக்குவது. ரத்தம் ஏற்றத் தொடங்கி 10 நிமிடத்தில் குளிர் நடுக்கம், இடுப்பு வலி என்கிறார் நோயாளி. இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்? ரத்தத்தை நிறுத்து. அதன் பிறகு புதிய டியூபில் நார்மல் சலைன் போட்டு நரம்பு வழியைத் திறந்து வை, பழைய டியூபில் இருக்கும் ரத்தம் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. அப்புறம் வைட்டல்ஸ், டாக்டர், ரத்த வங்கி, பையும் டியூபும் திருப்பி அனுப்புவது.

வேலையைப் பிரித்துக்கொடுக்கும் கேள்விகளில் ஒரு கோட்டை மனதில் வையுங்கள். முதல் மதிப்பீடு, நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது, பலன் வந்ததா என்று தீர்மானிப்பது, நிலை மாறிக்கொண்டிருக்கும் நோயாளி, இவை ரெஜிஸ்டர்ட் நர்ஸின் கையை விட்டுப் போகக் கூடாது. நிலையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, உட்கொண்டது வெளியேறியது எழுதுவது எல்லாம் உதவியாளரிடம் போகலாம்.

ஒரு நாளைக்கு 50 கேள்வி போதும் என்பது என் கருத்து. ஆனால் 50க்கும் விளக்கத்தைப் படிக்க வேண்டும், சரியாகப் போட்டதற்கும் சேர்த்து. தப்பானவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள், கேள்வியை எழுத வேண்டாம், ஏன் தப்பாகப் போனது என்பதை ஒரே வரியில். தெரியவில்லையா, தெரிந்தும் கேள்வியைத் தவறாகப் படித்தேனா, இரண்டில் ஒன்றை எடுக்கும்போது சறுக்கினேனா. இரண்டு வாரத்தில் அந்த நோட்டே உங்களுக்கு எது வேண்டும் என்று காட்டிவிடும்.

இரண்டாவது_முறை எழுதியது:

50 போதாது என்று நான் நினைக்கிறேன், குறைந்தது கடைசி இரண்டு வாரமாவது 100 போட வேண்டும். உட்காரும் பழக்கத்துக்காகச் சொல்கிறேன். முதல் முறை நான் தேறாமல் போனதற்கு ஒரு காரணம் 90வது கேள்விக்கு மேல் என்னால் கவனித்துப் படிக்க முடியவில்லை, தலை கனத்துப்போய் ஏதோ ஒன்றைத் தொட்டுக்கொண்டே போனேன்.

இன்னொரு காரணம், மெடிக்கல் சர்ஜிக்கலையே கட்டிக்கொண்டு அழுதேன். மகப்பேறு, குழந்தைகள், மனநலம் மூன்றையும் கடைசி வாரத்துக்குத் தள்ளினேன், அந்த வாரம் வரும்போது தலையில் இடமே இல்லை. நீங்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த மூன்றிலும் படிக்க வேண்டியது உண்மையிலேயே குறைவு, கிடைக்கும் மதிப்பெண் அதிகம்.

மகப்பேறில் வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு 110 முதல் 160. துடிப்பு குறையும் விதம்தான் முக்கியம்: கருப்பைச் சுருக்கத்தோடு சேர்ந்து குறைந்து சேர்ந்தே ஏறினால் தலை அழுந்துகிறது, பயமில்லை. திடீரென்று விழுந்து ஏறினால் தொப்புள்கொடி அழுந்துகிறது, தாயைப் புரட்டிப் படுக்க வை. சுருக்கம் உச்சத்தைத் தாண்டிய பிறகு குறைந்து, மெதுவாக ஏறினால் நஞ்சுக்கொடியிலிருந்து போதிய ஆக்ஸிஜன் வரவில்லை, அதுதான் ஆபத்து. ஆக்ஸிடோசின் (பிரசவ வலியைத் தூண்டும் மருந்து) ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்து, இடதுபக்கம் திருப்பு, திரவத்தைக் கூட்டு, டாக்டரைக் கூப்பிடு. மெக்னீசியம் சல்பேட் போகும் தாய்க்கு முழங்கால் ரிஃப்ளெக்ஸ், மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் மூன்றையும் பார்க்க வேண்டும். ரிஃப்ளெக்ஸ் போய்விட்டது, மூச்சு 12க்குக் கீழே, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே, இதில் எது வந்தாலும் நிறுத்து, அதை முறிக்கும் மருந்து கால்சியம் குளுக்கோனேட்.

குழந்தைகளில், எச்சில் வடிய முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, காய்ச்சலோடு மூச்சுவிடத் திணறும் குழந்தையின் வாய்க்குள் எதையும் விட்டுப் பார்க்காதே. எபிக்ளோட்டிஸ் (குரல்வளை மூடி) வீங்கியிருக்கும், தொட்டால் முழுவதும் அடைத்துக்கொள்ளும்.

மனநலத்தில் என்னைச் சறுக்கிய கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. மன அழுத்தத்தோடு அட்மிட் ஆனவர், பத்து நாள் மருந்துக்குப் பிறகு திடீரென்று அமைதியாக, உற்சாகமாக, தன் பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்கிறார். நான் 'முன்னேற்றம்' என்று போட்டேன். அந்த மருந்துகள் மனநிலையை மாற்றப் பல வாரம் ஆகும், அதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடலாம், தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு அதைச் செய்யும் தெம்பும் அப்போதுதான் வருகிறது. நேராகவே கேட்க வேண்டும், "உங்களை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இது தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை, இப்போது வார்டில் நான் உண்மையிலேயே கேட்கிறேன்.

கடைசி_செமஸ்டர் எழுதியது:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று ராத்திரி அக்கா சொன்ன மாதிரி வெள்ளைத் தாளில் கால்சியம் போட்டுப் பார்த்தேன், நான்கு கோட்டுக்கு மேல் போகவில்லை, ஆனால் எங்கே தெரியவில்லை என்பது முதல் முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஏபிஜி பார்த்தாலே பதற்றமாகிறது, எளிதாக ஒரு வழி சொல்லுங்கள். அப்புறம் தீக்காயத் திரவக் கணக்கு, விடை எனக்கு எப்போதும் கொஞ்சம் தள்ளியே வருகிறது.

இரவு_ஷிப்ட் எழுதியது:

ஏபிஜியில் மூன்று எண்ணை மட்டும் பார். பிஹெச் 7.35 முதல் 7.45, கார்பன் டை ஆக்ஸைடு 35 முதல் 45, பைகார்பனேட் 22 முதல் 26. முதலில் பிஹெச் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார். அப்புறம் அதே பக்கம் இழுப்பது யார் என்று தேடு. கார்பன் டை ஆக்ஸைடு அமிலம், பைகார்பனேட் காரம், இதை மறக்காதே.

பிஹெச் 7.28, கார்பன் டை ஆக்ஸைடு 30, பைகார்பனேட் 14. பிஹெச் அமிலம். கார்பன் டை ஆக்ஸைடு குறைவு, அமிலத்தைக் குறைக்கப் பார்க்கிறது, எனவே குற்றவாளி அது இல்லை. பைகார்பனேட் குறைவு, காரம் போதவில்லை, அதுதான் காரணம். மெட்டபாலிக் அசிடோசிஸ், அதாவது நுரையீரலால் வராத அமிலத்தன்மை. நுரையீரல் வேகமாக, ஆழமாக மூச்சுவிட்டு ஈடுகட்டப் பார்க்கிறது, பிஹெச் இன்னும் நார்மலுக்கு வரவில்லை, எனவே பாதி ஈடு. இது யார்? மேலே சொன்ன அந்த டிகேஏ நோயாளிதான். ஆழமாக மூச்சுவிடுகிறாரே, அந்த மூச்சுதான் இந்த 30. தினமும் ஐந்து போடு, ஒவ்வொன்றுக்கும் கட்டிலில் ஒரு ஆளைப் படுக்க வைத்துப் பார், ஒரு வாரத்தில் பதற்றம் போய்விடும்.

பழைய_டியூட்டர் எழுதியது:

தீக்காயக் கணக்கில் எங்கே தள்ளிப்போகிறது என்று ஊகிக்க முடிகிறது, நேரத்தில்தான். பார்க்லேண்ட் வாய்பாடு: 4 மி.லி. பெருக்கல் எடை பெருக்கல் எரிந்த பரப்பின் சதவீதம். 70 கிலோ, 30 சதவீதம் என்றால் 24 மணி நேரத்துக்கு 8,400 மி.லி. அதில் பாதி, 4,200, முதல் 8 மணி நேரத்தில். அந்த 8 மணி நேரம் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து தொடங்குவதில்லை, தீ பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. 2 மணி நேரம் கழித்து வந்தார், வழியில் எதுவும் ஏற்றவில்லை என்றால் உங்களுக்கு மீதி 6 மணி நேரம், 4,200ஐ 6ஆல் வகுத்தால் மணிக்கு 700 மி.லி. நீங்கள் 8ஆல் வகுத்து 525 போட்டிருப்பீர்கள். மீதி 4,200 அடுத்த 16 மணி நேரத்தில்.

எரிந்த பரப்பைக் கூட்டும்போது சிவந்து மட்டும் இருக்கும் முதல் நிலைக் காயத்தைச் சேர்க்காதீர்கள், அங்கேயும் பலருக்குத் தப்பாகிறது. திரவம் போதுகிறதா என்று கேட்டால் பெரியவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர், மணிக்கு கிலோவுக்கு 0.5 மி.லி., இவருக்கு 35 மி.லி.

கடைசி_செமஸ்டர் எழுதியது:

525தான் போட்டிருந்தேன் சார். இப்போது அந்தக் கேள்வியை மறுபடி எடுத்துப் போட்டேன், 700 வந்தது. தப்பு நோட்டில் முதல் வரியாக "கடிகாரம் தீ பட்ட நேரத்திலிருந்து" என்று எழுதிவிட்டேன். நாளைக்கு மகப்பேறு தொடங்குகிறேன், ஞாயிறு இன்னொரு மாதிரித் தேர்வு, மதிப்பெண் எதுவானாலும் இங்கே வந்து எழுதுகிறேன்.